அடுத்தவர் வீட்டையும் நாயையும் பார்த்துக்கொண்டு ஊர் ஊராகத் தங்க

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள் வீட்டை நம்பி ஒப்படைக்க ஆள் தேடுவார்கள். வாடகை கிடையாது, வீடும் பிராணியும் உங்கள் பொறுப்பு. கரண்ட் பில், கேஸ், டாக்டர் செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள். நாய்க்குச் சோறு வைப்பதைக் கூடவே நின்று பாருங்கள்: எந்தத் தட்டு, எத்தனை கரண்டி, எத்தனை மணி. தீனியைத் திடீரென்று மாற்றினால் வயிற்றால் போகும். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் கால் பங்கு புதியதில் தொடங்கி, ஒரு வாரத்தில் முழுதாக மாற்றலாம். மிச்சக் குழம்பை ஊற்றவே கூடாது. வெங்காயம் நாய், பூனை இரண்டின் ரத்த அணுக்களையும் உடைக்கும். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம்.

காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பக்கம் தினமும் தடவி உண்ணி பாருங்கள். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் வைத்தியம் வேண்டாம்.

அடுத்த தலைவலி கிணற்று மோட்டார். ஓடியும் தொட்டியில் தண்ணீர் விழவில்லையா, உடனே அணையுங்கள். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வில் சருகு சிக்கி, குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கியிருக்கும். வெறுமனே ஓடினால் சீல் கருகும். சருகை எடுத்து, பம்பில் தண்ணீர் நிரப்பிய பிறகே போடுங்கள்.

இந்தப் பிழைப்பில் இறங்குமுன் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. போட்டிருந்தாலும், பல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் பற்று போட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.