மிப் கோப்புகளைச் சேர்த்து ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைக் கண்காணிப்பது எப்படி?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் சர்வர் அறை என் பொறுப்பில் இருக்கிறது. கத்திரி வெயில் காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏ.சி. நின்றுவிட்டால் அதை நமக்கு யார் சொல்வார்கள்? சர்வரேதான் சொல்ல வேண்டும். ஒரே சர்வரில் பல மெய்நிகர் இயந்திரங்களை (மென்பொருளால் உருவான கணினிகளை) ஓட்டும் மென்பொருள், வி.எம்.வேர் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ்ஐ. அது ஓடும் சர்வர், கருவிகளைக் கண்காணிப்பதற்கான பொது நெறிமுறையான எஸ்.என்.எம்.பி. வழியாக அதைச் சொல்லும். அது சொல்வது நமக்கு விளங்குவதற்குத்தான் மிப் கோப்புகள்.

புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதுதான்: “சார், இந்தக் கோப்புகளைச் சர்வரில் எந்த இடத்தில் போட வேண்டும்?” சர்வரில் போடவே வேண்டாம், தம்பி. கண்காணிக்கும் கணினியில்தான் போட வேண்டும். சர்வர் வெறும் எண்களைத்தான் அனுப்பும். 29சி என்றால் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் என்று நமக்குத் தெரியும். ஊருக்குப் புதியவருக்கு அது வெறும் எண். அந்த எண்ணுக்குப் பொருள் சொல்லும் வேலையை மட்டுமே மிப் கோப்பு செய்கிறது. கோப்பே இல்லாவிட்டாலும் தரவு வரும், படிக்கத்தான் முடியாது.

வி.எம்.வேருக்கு ஒதுக்கப்பட்ட எண் 6876. எஸ்.என்.எம்.பி. எண்கள் மரம்போல் கிளை கிளையாகப் பிரியும். ஆகவே அதன் தகவல்கள் எல்லாம் 1.3.6.1.4.1.6876 என்ற கிளையின் கீழ் வரும். இந்த ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அடிக்கடி கைகொடுக்கும்.

முதலில் சர்வர் பக்கத்து வேலை. ஈஎஸ்எக்ஸ்ஐ-யில் எஸ்.என்.எம்.பி. சேவை தானாக ஓடாது. கட்டளை வரியில் நாம்தான் இயக்க வேண்டும். கண்காணிக்கும் கணினி கேட்கும் கேள்விகள், யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத அனுப்பு முறை) 161-ஆம் போர்ட்டில் வரும். சர்வர் தானாக அனுப்பும் எச்சரிக்கைகளான டிராப்கள், கண்காணிக்கும் கணினியின் 162-ஆம் போர்ட்டுக்குப் போகும். எஸ்.என்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பைப் பயன்படுத்தினால் கம்யூனிட்டி சொல்லை ‘பப்ளிக்’ என்று விட்டுவைக்காதீர்கள். அது கடவுச்சொல் போன்றது, அதுவும் மறையாக்கம் இல்லாமல் நெட்வொர்க்கில் போகிறது. முடிந்தால் மூன்றாம் பதிப்புக்கே போய்விடுங்கள். பயனர் பெயர், அங்கீகாரம், மறையாக்கம் மூன்றும் அதில் உண்டு. எந்தப் பதிப்பானாலும், ஈஎஸ்எக்ஸ்ஐ-யின் ஃபயர்வாலில் எஸ்.என்.எம்.பி. விதியைத் திறந்து, கண்காணிக்கும் கணினியின் ஐ.பி. முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அலுவலக நெட்வொர்க்தானே என்று எல்லோருக்கும் திறந்துவைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

அடுத்து கோப்புகள். வி.எம்.வேர் இப்போது பிராட்காம் வசம் இருப்பதால் பிராட்காம் ஆதரவுத் தளத்திலிருந்து, உங்கள் ஈஎஸ்எக்ஸ்ஐ பதிப்புக்கு உரியதை எடுங்கள். தொகுப்பில் பல கோப்புகள் இருக்கும். அடித்தளமானவை இரண்டு: வி.எம்.வேர்-ரூட்-மிப், வி.எம்.வேர்-டிசி-மிப். மற்றவை இவற்றைச் சார்ந்தே எழுதப்பட்டவை. கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றச் சொல்லும் மென்பொருளில் இந்த இரண்டையும் முதலில் ஏற்றாவிட்டால், ‘மாட்யூல் கிடைக்கவில்லை’ என்ற பிழை வரிசையாக வரும். பலர் அங்கேயே கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, வரிசைதான் மாறியிருக்கிறது.

லினக்ஸில் நெட்-எஸ்.என்.எம்.பி. என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு வரிசைக் கவலை இல்லை. எல்லாவற்றையும் மிப் கோப்புறையில் போட்டால் அதுவே தேடிக்கொள்ளும். ஆனால் டெபியன், உபுண்டு இரண்டிலும் ஒரு தடை உண்டு. எஸ்.என்.எம்.பி. அமைப்புக் கோப்பில் ‘மிப்ஸ்’ என்று தொடங்கி முக்காற்புள்ளியோடு முடியும் ஒரு வரி, எந்தக் கோப்பையும் ஏற்றாதே என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதன் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு முடக்குங்கள். பொதுவான அடிப்படை மிப் கோப்புகளும் அங்கே தனியாக நிறுவப்பட வேண்டியவை.

சேர்த்த கையோடு சோதியுங்கள். 6876-க்குக் கீழே 1.1.0 என்பதைக் கேட்டால் தயாரிப்பின் பெயரும், 1.2.0 என்றால் பதிப்பு எண்ணும் வர வேண்டும். பெயராக மாறாமல் எண்ணாகவே நின்றால் கோப்பு ஏறவில்லை என்று பொருள். பதிலே வராவிட்டால் கோப்பைக் குறை சொல்லாதீர்கள். ஃபயர்வாலையும் கம்யூனிட்டி சொல்லையும் பாருங்கள்.

இனி முக்கியமான இடம். மெய்நிகர் இயந்திரங்களின் பட்டியல் 6876.2.1-இல் இருக்கிறது. இரண்டாம் நெடுவரிசையில் பெயர், ஐந்தில் மெகாபைட் கணக்கில் நினைவகம், ஆறில் மின்நிலை, எட்டில் உள்ளே ஓடும் இயங்குதளத்தின் நிலை, பத்தில் யு.யு.ஐ.டி. (ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உரிய தனி அடையாள எண்). இந்தப் பட்டியலின் வரிசை எண்ணை நம்பி எச்சரிக்கை அமைக்கவே கூடாது. அது நிலையான எண் அல்ல. இன்று கணக்கு வழக்கு சர்வரைச் சுட்டும் எண் நாளை சோதனை இயந்திரத்தைச் சுட்டலாம். யு.யு.ஐ.டி.யைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு இயந்திரம் இடம்பெயர்ந்தால் பழைய சர்வரின் பட்டியலில் அது காணாமல் போகும். அதை ‘நின்றுவிட்டது’ என்று கணக்கிடாதபடி எல்லாச் சர்வர்களின் பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெய்நிகர் இயந்திரத்துக்குள் நிறுவும் துணை மென்பொருளான வி.எம்.வேர் டூல்ஸ் இல்லாத இயந்திரத்தில் எட்டாம் நெடுவரிசையை நம்ப வேண்டாம்.

சேமிப்பகத்துக்கு வி.எம்.வேர் கிளை தேவையில்லை. பொதுவான ஹோஸ்ட்-ரிசோர்சஸ்-மிப் போதும். அதில் வரும் அளவு பைட் அல்ல. அதே அட்டவணையில் உள்ள ஒதுக்கீட்டு அலகால் பெருக்கினால்தான் உண்மையான அளவு கிடைக்கும்.

ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரமும் எவ்வளவு சி.பி.யு. எடுக்கிறது என்பதை மெய்நிகர் இயந்திரப் பட்டியலில் தேடாதீர்கள், அது இங்கே இல்லை. அதற்கு வி.எம்.வேரின் ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) போன்ற வேறு வழியில்தான் போக வேண்டும்.

கடைசியாக டிராப். மெய்நிகர் இயந்திரம் நின்றாலும், வன்பொருள் பழுதானாலும் சர்வர் தானாகவே செய்தி அனுப்பும். வன்பொருளுக்கு உரியது வி.எம்.வேர்-என்வ்-மிப். ஈஎஸ்எக்ஸ்ஐ-யிலேயே சோதனைக் கட்டளை இருக்கிறது. அதை இயக்கினால் ‘வார்ம் ஸ்டார்ட்’ என்ற பெயரில் ஒரு சோதனை டிராப் போகும். அது உங்கள் கைபேசிவரை குறுஞ்செய்தியாக வந்து சேர்கிறதா என்று பாருங்கள். சாதாரண டிராப் யுடிபியில் போவதால் வழியில் தொலைந்தால் மறுமுறை வராது. எனவே டிராப் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாமல், முக்கியமான சில மதிப்புகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே கேட்டு வாங்குங்கள். ஈஎஸ்எக்ஸ்ஐ-யை மேம்படுத்திய ஒவ்வொரு முறையும் புதிய மிப் தொகுப்பைச் சேர்த்து, இந்தச் சோதனைகளை மறுபடி ஓட்டுங்கள்.