லீவு ஆளின் காலண்டரில் இருக்கட்டும், டாஸ்க் பட்டியலில் வேண்டாம்

புராஜெக்ட் அட்டவணை போடுவதும் பராமரிப்பதும்தான் என் வேலை. வேறொருவர் போட்ட அட்டவணை கைக்கு வந்தால், ஆட்களின் லீவை எங்கே குறித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். பல அட்டவணைகளில் டாஸ்க் பட்டியலுக்கு நடுவே ‘லீவு’ என்று தனியாக ஒரு வரி இருக்கும். சிலவற்றில் அதுகூட இருக்காது. எல்லாம் மேனேஜரின் நினைவில் இருக்கும்.

லீவை டாஸ்க்காகப் போட்டால், மென்பொருளுக்கு அதுவும் ஒரு வேலைதான். அந்த ஆள் அன்று வரமாட்டார் என்று அதற்குத் தெரியாது. அவருடைய மற்ற வேலைகள் அதே நாட்களில் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை என்று அவர் பெயருக்குச் சிவப்புக் குறி விழும். லீவு நேரமும் மொத்த வேலை நேரத்தில் சேரும். அவருக்கு மணிக்கணக்கில் ரேட் போட்டிருந்தால் செலவிலும் ஏறும். அதனால் லீவு, மென்பொருளில் அந்த ஆளுக்கென்று உள்ள காலண்டரில்தான் போக வேண்டும்.

அட்டவணை போடும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்டில் செய்யும் முறையைச் சொல்கிறேன். வியூ டேபில், ஆட்களின் பட்டியலான ரிசோர்ஸ் ஷீட்டைத் திறந்து, ஆளின் பெயரை டபுள் கிளிக் செய்யுங்கள். வரும் பெட்டியில் ‘சேஞ்ச் ஒர்க்கிங் டைம்’ பட்டன் இருக்கும். அதற்குள் எக்செப்ஷன்ஸ் டேபில் ஒரு பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி கொடுத்தால் போதும். அந்த நாட்கள் வேலை இல்லாத நாட்களாகிவிடும்.

அரை நாள் லீவு என்றால் அதே வரியில் நின்று ‘டீடெய்ல்ஸ்’ அழுத்துங்கள். ஒர்க்கிங் டைம்ஸைத் தேர்ந்தெடுத்து, அவர் வரும் நேரத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் காலண்டரில் 8 முதல் 12, 1 முதல் 5 என்று இரண்டு வரிகள் இருக்கும். மதியம் லீவு என்றால் இரண்டாவது வரியை நீக்குங்கள். வாரத்தில் ஒரு நாள் நிரந்தரமாக வராதவருக்கு ஒவ்வொரு வாரமும் எக்செப்ஷன் போட வேண்டாம். பக்கத்திலுள்ள ஒர்க் வீக்ஸ் டேபில் ஒரு முறை மாற்றினால் சரி.

எல்லோருக்கும் பொதுவான விடுமுறையை ஆள் ஆளாகப் போடாதீர்கள். புராஜெக்ட் டேபில் உள்ள ‘சேஞ்ச் ஒர்க்கிங் டைம்’ வழியாக அடிப்படைக் காலண்டரில் ஒரு முறை போட்டால், அதைப் பின்பற்றும் எல்லோருக்கும் வந்துவிடும். இங்கே ஒரு நொடி நில்லுங்கள். அந்தப் பெட்டியின் உச்சியில் எந்தக் காலண்டர் தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தேதியைத் தட்ட வேண்டும். பார்க்காமல் தட்டினால் ஒருவரின் இரண்டு நாள் லீவு மொத்த டீமுக்கும் விடுமுறையாகி, எல்லாத் தேதியும் தள்ளிப்போகும். வேறு நாட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இருந்தால் அவர்களுக்குத் தனியாக ஓர் அடிப்படைக் காலண்டர் உருவாக்கி, ரிசோர்ஸ் ஷீட்டின் ‘பேஸ் காலண்டர்’ பத்தியில் மாற்றிவிடுங்கள்.

சரி, லீவு போட்டாயிற்று. வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? புதன்கிழமை தொடங்கும் 5 நாள் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு கழித்தால் அது அடுத்த செவ்வாய் முடியும். செய்பவருக்கு வியாழனும் வெள்ளியும் லீவு என்று போட்டதும், முடிவு அதற்கடுத்த வியாழனுக்குப் போக வேண்டும். வேலையின் நீளத்தைக் காட்டும் டியூரேஷன் பத்தியில் அப்போதும் 5 நாள் என்றே இருக்கும். அதைப் பார்த்து ஒன்றும் மாறவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஃபினிஷ் பத்தியைப் பாருங்கள்.

தேதி நகரவே இல்லை என்றால் மூன்று இடங்களைப் பார்ப்பேன். அந்த ஆளை அந்த டாஸ்க்குக்கு உண்மையிலேயே ஒதுக்கியிருக்கிறார்களா? டாஸ்க் மேனுவல் ஷெட்யூலில் இருக்கிறதா? இருந்தால் தேதி தானாக நகராது, ஆட்டோவுக்கு மாற்ற வேண்டும். மூன்றாவது கொஞ்சம் ஒளிந்திருக்கும்: டாஸ்க் இன்ஃபர்மேஷனில் அட்வான்ஸ்டு டேபில், டாஸ்க்குக்கென்று தனிக் காலண்டர் கொடுத்து, ஆட்களின் காலண்டரைக் கண்டுகொள்ள வேண்டாம் என்ற பெட்டியில் டிக் செய்திருப்பார்கள்.

மென்பொருள் டீம்கள் வேலையைத் திட்டமிடும் அஷூர் டெவ்ஆப்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இது வேறு மாதிரி. அங்கே வேலையைச் சில வாரச் சுற்றுகளாகப் பிரிப்பார்கள், அந்தச் சுற்றுதான் ஸ்பிரிண்ட். ஸ்பிரிண்டின் கெப்பாசிட்டி டேபில் ஆளுக்கு ஆள் ‘டேஸ் ஆஃப்’ உண்டு, மொத்த டீமுக்கு ‘டீம் டேஸ் ஆஃப்’ உண்டு. அங்கே தேதி எதுவும் தள்ளிப்போகாது. அவருக்குக் கொடுத்த வேலை மீதமுள்ள நேரத்தைத் தாண்டினால் பட்டை சிவப்பாகும். வேலையை நீங்கள்தான் எடுத்து மாற்ற வேண்டும். இந்தக் கணக்கு ஸ்பிரிண்டுக்கு ஸ்பிரிண்ட் தனி. லீவு இரண்டு ஸ்பிரிண்டுகளில் விழுந்தால் இரண்டிலும் போடுங்கள்.

எக்செப்ஷனுக்குக் கொடுக்கும் பெயரைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ‘லீவு’ என்று மட்டும் எழுதுங்கள். ஆபரேஷன், குடும்பப் பிரச்சினை, இன்டர்வியூ என்று காரணம் தெரிந்தாலும் எழுதாதீர்கள். அட்டவணைக் கோப்பு யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது, வாடிக்கையாளருக்கும் போகும். தேதியைக் கணக்கிட மென்பொருளுக்குக் காரணம் தேவையில்லை.

பேஸ்லைன், அதாவது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கச் சேமித்துவைக்கும் திட்டத் தேதிகள், வைப்பதற்கு முன்பே தெரிந்த லீவையெல்லாம் கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள். “அநேகமாக அந்த வாரம் இருக்க மாட்டேன்” என்று ஒருவர் சொன்னால் அதையும் லீவாகவே போடுவேன். பிறகு அவர் வந்தால் லாபம்தான். பேஸ்லைனுக்குப் பிறகு வரும் லீவைப் போட்டுவிட்டு ஃபினிஷ் வேரியன்ஸ் பத்தியைச் சேர்த்துப் பாருங்கள். எந்த வேலை எத்தனை நாள் தள்ளுகிறது என்று தெரியும். பல நேரம் கடைசித் தேதி அசையவே அசையாது.

அசைந்தால், லீவைத் தள்ளிப்போட முடியுமா என்று அவரிடம் உடனே கேட்காதீர்கள். கேட்டால் பலருக்கு மறுக்க வராது. அதனாலேயே கேட்கக் கூடாது. முதலில் வேலைகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள், இன்னொருவருக்கு மாற்றிப் பாருங்கள். லீவுக்கு முந்தைய நாளில் அரை நாளை, கையிலிருக்கும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பதற்கு ஒதுக்குங்கள். இது உண்மையான வேலை, டாஸ்க்காகவே போடலாம். அப்படிச் செய்துவிட்டால் லீவில் இருப்பவருக்குப் போன் போகாது. திரும்பி வரும் நாளன்று அவசர வேலை எதையும் அவர் தலையில் தொடங்க விடாதீர்கள்.

ஒரே ஆள் பல புராஜெக்ட்டுகளில் இருந்தால் ஒவ்வொரு கோப்பிலும் லீவு போட்டு மாளாது. ஆட்களுக்கென்று ஒரு தனிக் கோப்பு வைத்து, ரிசோர்ஸ் பூலாக மற்ற கோப்புகளோடு இணைத்துவிடுங்கள். அங்கே போட்டால் எல்லாவற்றுக்கும் போகும். அப்புறம், திங்கட்கிழமை காலையில் அனுமதியான லீவுப் பட்டியலை அந்தக் கோப்போடு ஒப்பிடுவதை வழக்கமாக்குங்கள். புது லீவைச் சேர்க்க எல்லோரும் நினைவாக இருப்பார்கள்; ரத்தான லீவைத்தான் நீக்காமல் விடுவார்கள். அதைத் தேடி எடுத்து நீக்கினால் அந்த நாட்கள் மறுபடி கணக்கில் சேரும்.