வரவேற்பு விருந்துக்கு மீன் கட்லட்: 2 வாரம் முன்பே செய்து ஃப்ரீசரில் வைக்கலாம்

பஃபேயில் மீன் வைக்க ஆசை, ஆனால் அன்றைக்கு அடுப்படியில் நிற்க ஆள் இல்லை என்றால் கட்லட் போடுங்கள். குழம்பு மீன் உறைந்து இளகும்போது உடைந்துவிடும், கட்லட்டுக்கு அந்தக் கவலையே இல்லை.

முள் நீக்கிய சூரை மீன் 1 கிலோ, உருளைக்கிழங்கு முக்கால் கிலோ எடுத்தால் எலுமிச்சை அளவில் சுமார் 50 வரும். மீனை மஞ்சள், உப்பு போட்டு அவித்து உதிர்த்து, விரலால் தடவித் தடவி முள் பாருங்கள், குழந்தைகளும் சாப்பிடுவார்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைப் பொடியாக நறுக்கி ஈரம் வற்றும்வரை வதக்கி, மிளகுத்தூள் தாராளமாகச் சேர்த்துப் பிசையுங்கள். ஈரம்தான் எதிரி! ஒருமுறை கிழங்கைச் சரியாக வடிக்காமல் பிசைந்துவிட்டேன், எண்ணெயில் போட்டதும் பாதி கட்லட் வெடித்துப் பிரிந்துவிட்டது. அதனால் கிழங்கைத் தோலோடு அவித்து, உரித்து, ஆவி அடங்கிய பிறகே மசியுங்கள்.

கலவை நன்றாக ஆறியதும் உருட்டி, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டுங்கள். பொரிக்க வேண்டாம். தட்டில் ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் கல்லாக இறுகவிட்டு, அப்புறம் பைக்கு மாற்றித் தேதி எழுதுங்கள். மைனஸ் 18 டிகிரியில் ஒரு மாதம்வரை ருசி குறையாது.

விருந்தன்று இளகவிடாமல் அப்படியே மிதமான சூட்டில், ஒரு ஈடுக்கு ஏழெட்டு மட்டும் போட்டுப் பொரியுங்கள், நிறைய போட்டால் எண்ணெய் சூடு இறங்கிவிடும். முதல் ஈட்டில் ஒன்றைப் பிட்டு நடுவில் ஆவி பறக்கிறதா என்று பாருங்கள். சூடு காக்கும் பாத்திரம் இல்லையென்றால் 2 மணி நேரத்துக்கு மேல் மேசையில் வைக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பொரித்து நிரப்புங்கள்.