கருவி துடிக்கும்போது நீங்களும் இறுக்குங்கள்

சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கு, மெல்லிய மின்சாரம் செலுத்தி அதைச் சுருங்க வைக்கும் மின்தூண்டல் கருவியை வீட்டில் பயன்படுத்துகிறீர்களா? சும்மா படுத்திருக்காமல், அது துடிக்கும் ஒவ்வொரு முறையும் சிறுநீரை அடக்குவதுபோல நீங்களும் தசையை மேலிழுத்து இறுக்குங்கள். அது ஓயும்போது முழுசாகத் தளர்த்திவிடுங்கள்.

கருவி மட்டும் வேலை செய்தாலும் தசை சுருங்கும்தான், ஆனால் கட்டளை மூளையிலிருந்து போவதில்லை. கூடவே இறுக்கினால் எந்தத் தசை என்பது பிடிபடும், அப்புறம் கருவி இல்லாமலே கெகல் பயிற்சி (இந்தத் தசையை நாமே இறுக்கித் தளர்த்துவது) செய்ய வரும். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியாமல் காப்பது அந்தப் பழக்கம்தானே. மூச்சை மட்டும் அடக்க வேண்டாம். பிட்டமும் தொடையும் சேர்ந்து இறுகினால் பயனில்லை.

அடக்க முடியாத சிறுநீர் அவசரத்துக்காகக் கருவியில் உள்ள 10 ஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்து மின்னதிர்வு) அளவிலான திட்டத்துக்கு இது பொருந்தாது. அது சிறுநீர்ப்பையை அமைதிப்படுத்தத்தான், தளர்வாகவே இருங்கள். ஏற்கெனவே நன்றாக இறுக்க முடிகிறவர்களுக்குப் பெரும்பாலும் கருவியே தேவைப்படாது. தசை எப்போதும் இறுகி வலிப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், அந்த இடத்தில் தொற்றோ காரணம் தெரியாத இரத்தப்போக்கோ உள்ளவர்கள் கருவியையே தொட வேண்டாம். பிரசவமானவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.