கால்குலேட்டரில் டேபிள் போட்டு வரைபடம் வரைவது எப்படி? (எஸ்.பி.எம். கூடுதல் கணிதம்)

வரைபடம் காட்டும் கால்குலேட்டரை எஸ்.பி.எம். (மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) தேர்வுக்குக் கொண்டுபோக முடியாது. அறிவியல் கால்குலேட்டர் மட்டும்தான். ஆனால் சுங்கை சிப்புட்டில் என்னிடம் படிக்க வரும் தோட்டத்துப் பிள்ளைகள் பையில் வைத்திருக்கும் கேசியோ 570-லேயே பாதி வேலை முடிந்துவிடும். திரையில் கோடு வராது. கோடு எந்தெந்த இடம் வழியாகப் போகிறது என்ற எண்கள் வரிசையாக, அதாவது டேபிளாக வரும். அது போதும்.

நான் சொல்வது எஃப்எக்ஸ்-570ஈஎஸ் பிளஸ். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். பழைய எம்எஸ் மாடலில் டேபிள் கிடையாது.

இந்தக் கணக்கை எடுத்துக்கொள்வோம்: ஒய் = |3 கோஸ் 2எக்ஸ்|, எக்ஸ் 0 முதல் பை வரை. வரைந்த பிறகு, அதே படத்தில் ஒய் = 2 − எக்ஸ்/பை என்ற நேர்கோட்டைப் போட்டு எத்தனை தீர்வு என்று சொல்ல வேண்டும்.

முதலில் ஷிஃப்ட், மோட், 3 அழுத்துங்கள். திரையின் மேலே சின்னதாக ‘டி’ தெரியும், அதாவது டிகிரி. கேள்வி ரேடியனில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ரேடியனில் டேபிள் போட்டால் எக்ஸ் வரிசையில் 0.78 என்று தசமம் வந்து நிற்கும். அது பை/4 என்று அவசரத்தில் யாருக்கும் தோன்றாது. டிகிரியில் 45 என்று வந்தால் பார்த்ததும் தெரியும். விடைத்தாளில் எழுதும்போது மட்டும் பை/4 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து மோட், 7. எஃப்(எக்ஸ்) கேட்கும். ஷிஃப்ட், ஹைப் அழுத்தினால் அந்த இரண்டு நிமிர்ந்த கோடு வரும் (உள்ளே வரும் விடையின் கழித்தல் குறியை எடுத்துவிடும் குறி). உள்ளே 3 கோஸ் 2எக்ஸ். எக்ஸ் எழுத்துக்கு ஆல்ஃபாவும் வலது அடைப்புக்குறியும். சமக்குறி அழுத்துங்கள். ஜி(எக்ஸ்) கேட்டால் ஒன்றும் போடாமல் மறுபடியும் சமக்குறி. ஸ்டார்ட் 0, எண்ட் 180.

இனி ஸ்டெப், அதாவது எக்ஸ் ஒவ்வொரு முறையும் எவ்வளவு கூட வேண்டும் என்பது. நான் படிவம் 5 படித்தபோது தடுக்கி விழுந்தது இங்கேதான். 30 நல்ல எண்ணாகத் தெரிந்தது, போட்டேன். 3, 1.5, 1.5, 3, 1.5, 1.5, 3 என்று வந்தது. அழகாக வளைத்து இணைத்தேன். நேர்கோடு 2-இல் தொடங்கி 1-இல் முடிகிறது. என் வளைகோட்டை இரண்டு இடத்தில் வெட்டியது. விடை 2 என்று எழுதினேன்.

சரியான விடை 4. கால்குலேட்டர் பொய் சொல்லவில்லை, ஒவ்வொரு எண்ணும் சரி. ஆனால் 45-இலும் 135-இலும் வளைகோடு பூஜ்யத்தைத் தொடுகிறது. 30, 60, 90 என்று தாவிப் போனதில் அந்த இரண்டு இடமும் என் கண்ணில் படவே இல்லை.

அதனால் ஸ்டெப்பை இப்படிக் கண்டுபிடியுங்கள். எக்ஸுக்கு முன்னால் இருக்கும் எண்ணால் 360-ஐ வகுங்கள்; இங்கே 180. அதை நான்கால் வகுங்கள், 45. சைன், கோஸ் இரண்டுக்கும் உச்சி, பள்ளம், பூஜ்யம் எல்லாம் இந்த இடைவெளியில்தான் வரும். நான் அதையும் பாதியாக்கி 22.5 போடுவேன். 3, 2.12, 0, 2.12, 3 என்று வளைவு தெளிவாகத் தெரியும். ரொம்பப் பொடியாக 1, 2 என்று போடாதீர்கள். 30 வரிசைக்கு மேல் (ஜி(எக்ஸ்) கேட்டிருந்தால் 20-க்கு மேல்) போனால் நினைவகம் போதவில்லை என்று பிழை காட்டும்.

நேர்கோட்டுக்கு டேபிள் வேண்டாம். இரண்டு முனை போதும்: 0-இல் 2, பை-இல் 1. கோட்டின் சமன்பாட்டை விடைத்தாளில் எழுத மறக்காதீர்கள். இரண்டாம் தாளில் 100 மார்க்குக்கு இரண்டரை மணி நேரம். ஒரு மார்க்குக்கு ஒன்றரை நிமிடம்தான். டேபிள் போட ஒரு நிமிடம்கூட ஆகாது.

முடித்ததும் மோட், 1. அப்புறம் அடுத்த கேள்வி வட்டத்தைப் பற்றியதாக இருந்தால் ஷிஃப்ட், மோட், 4 அழுத்தி ரேடியனுக்குத் திரும்புங்கள். போன வாரம் ஒரு பிள்ளை ‘டி’-யிலேயே விட்டுவிட்டாள். ஆரம் 10, கோணம் 1.2 ரேடியன், செக்மெண்ட்டின் (வில்லுக்கும் நாணுக்கும் நடுவே உள்ள பகுதி) பரப்பளவு 13.4 வர வேண்டும்; அவளுக்கு 58.95 வந்தது. முழு செக்டரே (இரண்டு ஆரங்களுக்கும் வில்லுக்கும் நடுவே உள்ள பகுதி) 60 தானே, அதில் ஒரு பெரிய முக்கோணத்தைக் கழித்த பிறகும் 58.95 எப்படி மிஞ்சும் என்று கேட்டேன். உடனே திரையின் மேலே பார்த்தாள். பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: சைன் (பை ÷ 2) போட்டால் ரேடியனில் 1 வரும், டிகிரியில் 0.027 வரும்.

பின்சேர்க்கை: “அக்கா, அண்ணனுடைய பழைய எம்எஸ்தான் இருக்கிறது, என்ன செய்வது?” என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். புதிது வாங்க வேண்டாம். 3 கோஸ் 2எக்ஸ் என்று அடித்து ‘கால்க்’ பொத்தானை அழுத்துங்கள். எக்ஸ் எவ்வளவு என்று கேட்கும். 0 கொடுத்து சமக்குறி. மறுபடி கால்க், 22.5. இப்படியே 180 வரை ஒன்பது தடவை. கழித்தல் குறியோடு வரும் எண்களுக்குக் குறியை எடுத்துவிட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.