உங்கள் அணிக்குச் சின்னம் தேடுகிறீர்களா? சிங்கத்தை விடுங்கள், அட்டையைப் பாருங்கள்

மலையகத்தில் புதிதாக ஒரு கபடி அணியோ கரப்பந்து அணியோ தொடங்கினால் முதல் வேலை ஜேர்சி அடிப்பதுதான். அதில் வாயைப் பிளந்த ஒரு சிங்கம் அல்லது இறக்கை விரித்த ஒரு கழுகு இருக்கும், இணையத்திலிருந்து இறக்கிய அதே படம் பக்கத்துத் தோட்டத்து அணியின் நெஞ்சிலும் இருக்கும். இறுதிப் போட்டியில் கழுகும் கழுகும் மோதினால் யாரைப் பார்த்து எதைச் சொல்லிக் கத்துவது? நல்ல சின்னம் என்றால் எதிரணிக்காரன் முதலில் சிரிக்க வேண்டும், நம் ஆட்கள் அதைச் சொல்லியே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அப்படி ஒன்றைத் தெரிவு செய்வது எப்படி என்று பார்ப்போம்.

இந்த வேலையில் அமெரிக்கக் கல்லூரிகள் பழம் தின்று கொட்டை போட்டவை. அங்கேயும் நம்மைப் போலவே கூட்டமாக ஒரே மிருகத்தின் மேல் விழுந்தவர்கள் உண்டு: ஓபர்ன், கிளெம்சன், லூசியானா ஸ்டேட், மிசூரி, மெம்பிஸ், பிரின்ஸ்டன், எல்லாமே புலி. ஓபர்னும் லூசியானாவும் மோதினால் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் "புலி வென்றது" என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம் சாந்தா குரூஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம். அங்கே நிர்வாகம் கடற்சிங்கத்தைச் சின்னமாக வைத்தது, மாணவர்களோ தங்கள் ஈரக்காட்டில் ஊருகிற மஞ்சள் நிற ஓடில்லா நத்தைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, 1986இல் வாக்கெடுப்பு நடத்தி அதையே அதிகாரபூர்வச் சின்னம் ஆக்கிவிட்டார்கள். புலிகளில் எது எந்தக் கல்லூரி என்று கேட்டால் குழம்புவோம், நத்தை எந்தக் கல்லூரி என்று கேட்டால் யாரும் குழம்புவதில்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, உங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த உயிர்களையும் பொருட்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெரிய மிருகமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மிசிசிப்பியில் டெல்டா ஸ்டேட் மாணவர்கள் கையில் குத்துச்சண்டை உறை மாட்டி முறைத்துக்கொண்டு நிற்கிற ஒரு வெண்டிக்காயைக் கொண்டாடுகிறார்கள். ஸ்கொட்ஸ்டேல் கல்லூரிக்குச் சின்னம் ஆர்டிசோக் என்ற காய். ஓஹாயோ ஸ்டேட்டுக்கு ஒரு மரத்துக் கொட்டை, அதற்குத் தலையும் கண்ணும் வைத்து புரூட்டஸ் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

எழுதிய பிறகு அங்கேயும் இங்கேயும் உள்ளவற்றை மோதவிட்டுப் பாருங்கள், இதுதான் கூட்டத்தில் எல்லோருக்கும் பிடிக்கிற பகுதி. நத்தைக்கு எதிராக, இரத்தம் உறிஞ்சுகிற நம்ம அட்டை. நத்தை தன்பாட்டில் போகும், யாரையும் கண்டுகொள்ளாது. அட்டையோ ஆள் வருகிற அதிர்வு தெரிந்தாலே நிமிர்ந்து நின்று தலையை ஆட்டித் தேடும், சவர்க்காரம் பூசினாலும் உப்புத் தடவினாலும் ஓர் இடுக்கு கிடைத்தால் ஏறிவிடும், ஒட்டினால் விடாது. கபடிக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் உலகத்திலேயே இல்லை என்பேன். பாடி வருகிறவன் காலைப் பிடித்தால் விடக்கூடாது, அவ்வளவுதானே ஆட்டம்?

அடுத்து டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் கொம்புத் தவளை. பெயர்தான் தவளை, ஆள் உண்மையில் ஓணான் இனம், ஆபத்து வந்தால் கண்ணிலிருந்து இரத்தத்தைப் பீய்ச்சும். நம்மிடம் ஹோர்டன் சமவெளிப் பக்கம் மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு வைத்த ஓணான் இருக்கிறது, இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாதது. பயமுறுத்துவதில் அமெரிக்கா ஜெயிக்கிறது, அழகில் நாம் ஜெயிக்கிறோம். கரப்பந்துக்கு மலை அணில் நல்லது, கிளை விட்டுக் கிளை பாய்வதைப் பார்த்தால் வலைக்கு மேல் எழும்பி அடிக்கிறவன் ஞாபகம்தான் வரும். மரை கம்பீரமாக இருக்கும், ஆனால் ஹோர்டன் சமவெளியில் வாகனம் நிறுத்துகிற இடத்துக்கே வந்து தீனிக்கு நிற்பதை ஊரே பார்த்திருக்கிறது, கோல் காப்பவனுக்கு அந்தப் பெயர் வைத்தால் பந்துக்குப் பதில் பிஸ்கட்தான் வீசுவார்கள்.

சிலவற்றைக் கொப்பியிலிருந்து வெட்டிவிடுங்கள். ஜோர்ஜியா டெக் அணிக்குக் குளவி இனம்தான் சின்னம், அவர்களுக்கு அது சரி. கொழுந்து எடுக்கப் போய் குளவி கொட்டி உயிர் போன குடும்பங்கள் நம் லயங்களில் இருக்கின்றன, அந்த மைதானத்தில் குளவி உடுப்புப் போட்டு ஆடக்கூடாது. புலியும் வேண்டாம், நம் நாட்டில் ஒரு தமிழ் அணி அந்தப் பெயரை வைத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அட்டையைத் தெரிவு செய்தாலும் கொழுந்து எடுக்கிற அம்மாமாரிடம் ஒரு தடவை கேளுங்கள், தினமும் காலில் இரத்தம் கொடுப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் சிரித்தால் சரி, முகம் சுளித்தால் வேறு பாருங்கள்.

உயிரினமே வேண்டாம் என்றால் என் ஓட்டு கொழுந்துக் கூடைக்கு. கன்சாஸில் விச்சிட்டா ஸ்டேட் அணியின் சின்னம் ஒரு கோதுமைக் கட்டு, முகமும் முறைப்பும் வைத்த கோதுமைக் கட்டு. அந்தக் காலத்து உதைபந்து வீரர்களில் பலர் கோதுமை அறுவடையில் கூலிக்குப் போனவர்கள் என்பதால் 1904இல் அந்தப் பெயர் வந்தது. கூலி வேலையைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் தலையில் நீட்டிக்கொண்டு, கூடைக்குள் இருந்து கையும் காலும் வெளியே வந்த ஓர் உருவம் மைதானத்தைச் சுற்றி ஓடினால் நம் சனம் எழும்பி நிற்கும்.

பெயரை வைத்தால் மாற்றாதீர்கள். லங்கா பிரீமியர் லீக்கில் கண்டி அணி 2020இல் டஸ்கர்ஸ், 2021இல் வாரியர்ஸ், 2022இல் ஃபால்கன்ஸ். யானை மனிதனாகி, மனிதன் பருந்தாகிவிட்டான், ரசிகன் எந்தக் கொடியை வாங்குவது?

கோஷம் குட்டியாக இருக்கட்டும். இர்வைனில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு எறும்புண்ணிதான் சின்னம், அதன் நாக்கு பாய்கிற சத்தமாக "ஸாட்!" என்று கத்துவார்கள், அவ்வளவுதான். அட்டைக்கு "ஒட்டு! ஒட்டு!" போதும், தப்பு மேளத்தின் அடிக்கு அப்படியே உட்காரும். எதிரணி "அட்டையை மெத்தையில் வைத்தாலும் செத்தையைத்தான் தேடும்" என்று நிச்சயம் ஆரம்பிப்பார்கள். "செத்தையும் எங்க மலை, மெத்தையும் எங்க மலை" என்று ஒரே குரலில் திருப்பிக் கொடுக்க முன்கூட்டியே பழகுங்கள்.

உடுப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டுக்கு அதிகாரபூர்வச் சின்னமே கிடையாது, வாத்தியக் குழுவில் ஒருவர் மரமாக வேடம் கட்டுவார், அந்த உடுப்பையும் அவரே செய்வார். வெசாக் கூடு கட்டுகிற மாதிரி மூங்கில் சிம்பில் வளையங்கள் கட்டி, மேலே கறுப்புத் துணி போர்த்தினால் அட்டை வந்துவிடும், வளையங்களுக்கு இடையில் துணியைத் தளர்வாக விட்டால் சுருங்கி நீளவும் செய்யும். காகிதமும் பசையும் வைத்துத் தலை செய்யாதீர்கள், ஒரு மழைக்கே கூழாகிவிடும், ஸ்பொஞ்ச் நல்லது. வாய்ப் பக்கத்தை ஓட்டையாக விட்டு நுளம்பு வலை தைத்துவிட்டால் உள்ளே இருப்பவருக்குப் பார்க்கவும் மூச்சு விடவும் வழி.

நுவரெலியாக் குளிரிலும் உள்ளே வியர்த்துக் கொட்டும், அதனால் இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரையே ஆடவிடாதீர்கள், மாற்று ஆள் இருக்கட்டும், கூடவே கையைப் பிடித்து வழி காட்ட ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு போகட்டும். வேடம் போடுபவர் அணியிலேயே நன்றாக ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, வெட்கம் இல்லாதவராக இருந்தால் போதும். தலையைக் கழற்றுவது மட்டும் சின்னப் பிள்ளைகள் கண்ணில் படாமல், உடை மாற்றும் அறைக்குள்ளேதான்.