பழைய மோட்டார் சைக்கிளில் டிஜிட்டல் மீட்டர் பொருத்துவது எப்படி: முதலில் மின்சாரம், பிறகு மீட்டர்

என் பழைய வண்டியின் ஸ்பீடோமீட்டர் முள் 40-க்கும் 60-க்கும் இடையே ஆடிக்கொண்டே இருந்தது. கேபிளுக்கு எண்ணெய் விட்டேன், பிறகு கேபிளையே மாற்றினேன், ஆட்டம் நிற்கவில்லை. திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. கேபிள் சுழற்றும் காந்தம் ஒரு உலோகக் கிண்ணத்தை இழுக்க, அந்த இழுவைதான் முள்ளை நகர்த்துகிறது. அந்தக் காந்தத்தின் தண்டு தேய்ந்து தள்ளாடிக்கொண்டிருந்தது. சரி, டிஜிட்டல் மீட்டருக்கு மாறிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

மீட்டரை ஹேண்டில்பாரில் பொருத்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மீதி இரண்டு நாள்களும் வண்டியின் மின்சாரத்தைச் சரிசெய்வதில் போயின. ஆகவே, முதன்முறையாக இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: மீட்டரைத் தேர்ந்தெடுக்கும் முன், வோல்ட்டையும் ஆம்பியரையும் ஓமையும் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள்.

வாங்கும் முன் மூன்று சோதனைகள்

முதலாவது, பேட்டரி எத்தனை வோல்ட்? மிகப் பழைய வண்டிகள் பலவற்றில் 6 வோல்ட்தான் இருக்கும். டிஜிட்டல் மீட்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட் நேர் மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. 12 வோல்ட் வண்டி என்றால், இன்ஜினை நிறுத்தி பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். நல்ல நிலையில் உள்ள பேட்டரி 12.4 முதல் 12.8 வரை காட்டும். இன்ஜினை ஓடவிட்டு வேகத்தை உயர்த்தினால் 13.5 முதல் 14.5 வரை ஏறி நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. பழைய பல்புகள் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம், புதிய மீட்டர் பொறுக்காது. ரெகுலேட்டரை மாற்றாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

இரண்டாவது, பேட்டரியின் எந்த முனை சட்டத்தோடு இணைந்திருக்கிறது? டிரையம்ப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். டிஜிட்டல் மீட்டர்களோ நெகட்டிவ் எர்த்தை எதிர்பார்க்கின்றன. மாற்றிக் கொடுத்தால் மீட்டர் கருகிவிடலாம். உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த் என்றால், அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கொண்டு நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய பிறகு இந்த வேலைக்கு வாருங்கள்.

மூன்றாவது, ஹெட்லைட்டுக்கு எங்கிருந்து மின்சாரம் வருகிறது? சிறிய பழைய வண்டிகள் சிலவற்றில் அது பேட்டரியிலிருந்து வருவதில்லை. இன்ஜின் சுழலும்போது மின்சாரம் தரும் மேக்னெட்டோ காயிலிலிருந்து மாறு மின்னோட்டமாக நேரே வருகிறது. இன்ஜினை நிறுத்தினால் ஹெட்லைட் அணைந்துவிடும், ஹாரன் மட்டும் அடிக்கும் என்றால் உங்கள் வண்டி இந்த வகையாக இருக்கலாம். அப்படியானால் ஹை பீம் வயரை மீட்டரோடு சேர்க்காதீர்கள். ஹை பீமுக்கான பழைய சிறு பல்பை அப்படியே தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

மீட்டரைப் பொறுத்தவரை, வீலின் சுற்றளவு, வீல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சென்சார் அனுப்பும் துடிப்புகளின் எண்ணிக்கை, ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்றுகள்) கணக்கிடும் துடிப்பு விகிதம் ஆகியவற்றை நாமே மாற்றி அமைக்க வழியில்லாத மீட்டரை வாங்க வேண்டாம். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்கள் வண்டிக்குப் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம்.

பழையதைக் கழற்றுதல்

ஓடோமீட்டர் எண்ணைப் புகைப்படம் எடுங்கள். சாவியைத் திருப்பி, இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், ஹை பீம், நியூட்ரல் என ஒவ்வொன்றாக இயக்கி, எந்த வயர் எதற்கு என்பதை அளந்து டேப்பில் எழுதி ஒட்டுங்கள். பழைய வண்டிகளில் வயரின் நிறத்தை நம்ப முடியாது. இடையில் எத்தனை கைகள் அதைத் தொட்டனவோ! பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு மீட்டரை இறக்குங்கள்.

வண்டியின் மூல வயரிங்கை வெட்டாதீர்கள். இதை நான் மிகவும் வலியுறுத்துகிறேன். பழைய கனெக்டருக்குப் பொருந்தும் இணை கனெக்டர் ஒன்றை வாங்கி, அதிலிருந்து புதிய மீட்டருக்குச் சிறு இடைவயர் செய்துகொள்ளுங்கள். நாளை உங்களுக்கோ, வண்டியை அடுத்து வைத்திருப்பவருக்கோ பழைய மீட்டரைத் திரும்பப் பொருத்தத் தோன்றலாம்.

வயர்களை இணைத்தல்

பெரும்பாலான மீட்டர்களில் இரண்டு பாசிட்டிவ் வயர்கள் இருக்கும். ஒன்று பேட்டரியிலிருந்து எப்போதும் வர வேண்டியது. மற்றொன்று சாவி திருப்பினால் மட்டும் வர வேண்டியது. இவற்றை இடம் மாற்றினால், சாவியை எடுத்த பிறகும் மீட்டரின் திரை ஒளிர்ந்துகொண்டே இருக்கும். நிரந்தர வயரில், பேட்டரிக்கு அருகிலேயே, மீட்டரின் கையேடு சொல்லும் அளவுள்ள சிறு பியூஸைப் போடுங்கள். எர்த் வயரைப் பெயிண்ட் பூசிய சட்டத்தில் மாட்டாமல் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோங்கள். திரை மினுக்குவதற்கு மோசமான எர்த் ஒரு முக்கியக் காரணம்.

நியூட்ரலும் ஆயில் பிரஷர் விளக்கும் பொதுவாக எர்த் பக்கம் சுவிட்ச் ஆகின்றன. இண்டிகேட்டரும் ஹை பீமும் பாசிட்டிவ் பக்கம். மீட்டரின் வயர் எதை எதிர்பார்க்கிறது என்று வரைபடத்தில் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு உண்டு. இடது, வலது இரண்டுக்கும் ஒரே சிறு பல்பு உள்ள பழைய வண்டிகளில், அந்தப் பல்பு இரு பக்க வயர்களுக்கும் குறுக்கே இணைக்கப்பட்டிருக்கும். புதிய மீட்டரிலும் ஒரே இண்டிகேட்டர் விளக்குதான் என்றால், இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) வழியாக அதற்குக் கொண்டுவாருங்கள். 1என்4007 வகை போதும். டயோடு இல்லாமல் சேர்த்தால் நான்கு விளக்குகளும் ஒன்றாகக் கண்சிமிட்டும். மற்றொன்று, பி.எம்.டபிள்யூவின் பழைய காற்றுக் குளிர்விப்பு பாக்ஸர் வண்டிகளைப் போன்றவற்றில், சார்ஜ் விளக்கின் பல்பு வழியாகச் செல்லும் மின்சாரம்தான் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத் தூண்டிவிடுகிறது. அந்தப் பல்பைக் கழற்றி எறிந்தால் சார்ஜ் ஆவதே தடைப்படும்.

வேகத்தை அளக்கும் சென்சார்

சக்கரத்தோடு சுழலும் ஒரு சிறு காந்தம், அதற்கு எதிரே அசையாமல் நிற்கும் ஒரு சென்சார்: அமைப்பு இவ்வளவுதான். காந்தத்தைப் பெரும்பாலும் டிஸ்க் போல்ட்டின் தலையிலோ ஹப்பிலோ ஒட்டுவார்கள். ஒட்டும் முன் கையில் பிடித்துச் சென்சாருக்கு முன்னால் அசைத்துப் பாருங்கள். சில சென்சார்கள் காந்தத்தின் ஒரு முனையை மட்டுமே உணரும். இடைவெளி சில மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுழற்றி எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். வயர் சஸ்பென்ஷனோடு மேலும் கீழும் நகர இடம் வேண்டும், ஆனால் டயரைத் தொடக் கூடாது.

சுற்றளவை டயரில் அச்சிட்ட எண்ணிலிருந்து கணக்கிடாதீர்கள். உங்கள் எடையில் டயர் சற்று அமுங்கும். காற்றைச் சரியாக அடித்து, காற்றடைக்கும் வால்வு கீழே வரும்போது தரையில் கோடு போட்டு, வண்டியில் அமர்ந்தபடியே மூன்று சுற்று உருட்டி, மறுபடி கோடு போடுங்கள். தூரத்தை மூன்றால் வகுத்தால் சுற்றளவு. 1,950 மில்லிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகம் என்பது நிமிடத்துக்கு 1,000 மீட்டர். அதாவது சுமார் 513 சுற்றுகள், காந்தம் ஒன்று என்றால் நொடிக்கு எட்டரைத் துடிப்புகள். காந்தங்கள் இரண்டு ஒட்டினால் துடிப்பும் இரட்டிப்பாகும், அதை மீட்டரிலும் சொல்ல வேண்டும்.

மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குவிதியும் இதையே சொல்கிறது. கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் பாதகமில்லை.

பழைய கேபிள் வந்த துளையை அப்படியே விடாதீர்கள். ஹப்பில் இருந்தால் தண்ணீரும் மண்ணும் புகும்; கியர் பாக்ஸில் இருந்தால் ஆயில் வெளியேறும். பொருத்தமான மூடியால் அடையுங்கள்.

ஆர்.பி.எம்.

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையில், பாயின்ட் (காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறக்கும் கணத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் எழும். கையேடு அனுமதித்தால் ஒழிய, மீட்டர் வயரை அங்கே நேராகச் சேர்க்காதீர்கள். பல மீட்டர்களில் சிக்னல் வயரை ஸ்பார்க் பிளக் வயரின் மேல் மூன்று நான்கு முறை சுற்றினாலே போதும். நான் அப்படித்தான் சுற்றினேன். ஆனாலும் எண் தாறுமாறாகக் குதித்தது, திரை அவ்வப்போது அணைந்து எரிந்தது. 5 கிலோ ஓம் தடை கொண்ட பிளக் தொப்பியை மாட்டியதும் எல்லாம் அடங்கியது. பழைய வண்டிகளில் தடையில்லாத தொப்பியே பெரும்பாலும் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எண் சரியாக இரண்டு மடங்காகவோ பாதியாகவோ வந்தால் பழுது எதுவுமில்லை. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் சில ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விடும், சில இரண்டு சுற்றுக்கு ஒருமுறை விடும். விகிதத்தை மாற்றினால் சரியாகிவிடும்.

பெட்ரோல் அளவைப் பொறுத்தவரை, டேங்கில் மிதவை சென்சார் இல்லாத வண்டியில் மீட்டர் எதையும் காட்டப்போவதில்லை. இருந்தால், டேங்க் காலியாகவும் நிறைவாகவும் இருக்கும்போது அதன் ஓம் அளவை எடுத்து மீட்டரில் அதற்கேற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

பேட்டரியை இணைக்கும் முன் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, எந்த வயரும் இழுபடவில்லை என்று பாருங்கள். கனெக்டர்களுக்கு முன் வயர் சற்றுத் தொங்கி மேலேறும்படி விட்டால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சாவியை எடுத்த பின் மீட்டர் உறிஞ்சும் மின்சாரத்தையும் அளந்து வையுங்கள். 2 மில்லி ஆம்பியர் என்றாலே மாதத்துக்குச் சுமார் 1.4 ஆம்பியர் மணி போய்விடும். நீண்ட நாள் நிறுத்தும்போது பியூஸைக் கழற்றிவிடலாம்.

முதல் ஓட்டத்தில் நேரான, ஆளில்லாத சாலையில் ஒரே வேகத்தில் சென்று, பின்னால் அமர்ந்தவரை ஜி.பி.எஸ். வேகத்தை வாசிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். 20 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, சென்சார் தாங்கியின் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். என் வண்டியில் அதில் ஒன்று அரைச் சுற்று தளர்ந்திருந்தது.